நியாயப் பெறுமதி என்றால் என்ன?

கம்பனிகள் ஆண்டு முடிவிலே வெளியிடும் அறிக்கையில் ஐந்தொகை என்றொரு பகுதி உண்டு. கம்பனிக்குரிய சொத்துகள் ஒரு புறத்திலும், அது பிறருக்குக் கொடுக்கவேண்டிய பொறுப்புகளும் உரிமையாளரின் மூலதனமும் மறு புறத்திலும் எழுதப்பட்டிருக்கும். இரு புறமும் ஒரு சதமேனும் பிசகாமல் சமமாக நிற்பதைக் காணும் சாதாரண வாசகர், அங்குள்ள ஒவ்வோர் இலக்கமும் பெட்டியிலிருந்து எண்ணியெடுத்த காசைப் போல உறுதியானது என்று எண்ணிவிடுகிறார். உண்மை அவ்வாறன்று. அவ்விலக்கங்களுட் சில எண்ணி எழுதப்பட்டவை. சில சந்தையிலே பார்த்து எழுதப்பட்டவை. வேறு சில மதிப்பிட்டு எழுதப்பட்டவை. எது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறியாதவர் ஐந்தொகையைப் பார்த்தும் பாராதவரே ஆவர்.

இது கணக்காளருக்கு மாத்திரம் உரிய சங்கதி என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. வங்கியில் வைப்பு வைத்திருப்பவர், காப்புறுதிப் பத்திரம் எடுத்தவர், சேமலாப நிதியத்துக்கு மாதந்தோறும் பணம் செலுத்தும் ஊழியர் ஆகிய யாவருடைய பணமும் இறுதியில் நிதிச் சொத்துகளாகவே நிற்கிறது. பங்குகள், அரசாங்க முறிகள், கம்பனி முறிகள், கொடுத்த கடன்கள் என்பன நிதிச் சொத்துகள். அவற்றின் பெறுமதி எங்ஙனம் அளக்கப்படுகிறது என்பது பணத்துக்குரிய ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

ஒரு பொருளின் பெறுமதியை எழுத இரண்டு வழிகள் உண்டு. வாங்கியபோது கொடுத்த விலையை எழுதுவது ஒன்று. இன்றைய விலையை எழுதுவது மற்றொன்று. முதலாவது வழி பழமையானது; பற்றுச்சீட்டைக் காட்டி நிரூபிக்கக்கூடியது. ஆயினும் காலம் செல்லச் செல்ல அது உண்மையிலிருந்து விலகிப் போகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய காணியை இன்றும் அதே விலைக்குக் கணக்கில் வைத்திருப்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தம்மிடம் உள்ளது என்ன என்பதையும் சொல்லவில்லை.

காணியின் விலை பெரும்பாலும் ஏறும். நிதிச் சொத்தோ ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். அதற்கு முறியே நல்ல உதாரணம். 100 ரூபா முகப்பெறுமதியுள்ள ஒரு முறி, ஆண்டுக்கு 5 ரூபா வட்டி தந்து, பத்தாம் ஆண்டு முடிவில் முதலைத் திருப்பித் தருவது என்று கொள்வோம். அதை வாங்கிய மறுநாளே நாட்டின் வட்டி வீதம் 8 ஆக உயர்ந்துவிட்டது. புதிதாக முறி வாங்குவோருக்கு 100 ரூபாவுக்கு 8 ரூபா வட்டி கிடைக்கும்போது, 5 ரூபா தரும் பழைய முறியை 100 ரூபா கொடுத்து யார் வாங்குவார்? வருங்காலத்தில் வரவுள்ள வட்டியையும் முதலையும் 8 வீதத்தில் கழித்து இன்றைய பெறுமதியைக் கண்டால், அந்த முறி ஏறக்குறைய 80 ரூபாவே பெறும். முதிர்வுக்கு ஓர் ஆண்டு மாத்திரம் இருக்கும் முறியாயின் 97 ரூபா பெறும். தவணை நீள நீள அடி பலமாக விழும் என்பதே இதிலிருந்து தெளிவாவது. முறியை வெளியிட்டவர் நாணயமானவர். ஒரு சதமும் தவறாமல் செலுத்தக்கூடியவர். அப்படியிருந்தும் இன்றைய பெறுமதி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இந்த இன்றைய பெறுமதியையே கணக்கியலார் நியாயப் பெறுமதி என்பர். 2011 மே மாதத்தில் சர்வதேசக் கணக்கீட்டு நியமங்கள் சபை வெளியிட்டு, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 13 ஆம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம் இதற்கு வரைவிலக்கணம் கூறுகிறது. அதன் கருத்து இதுவாகும்: அளவிடும் நாளிலே, சந்தையிற் பங்குபற்றுவோரிடையே ஒழுங்கான முறையில் நடைபெறும் கொடுக்கல் வாங்கலில், ஒரு சொத்தை விற்றால் பெறக்கூடிய விலை, அல்லது ஒரு பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் செலுத்தவேண்டிய விலை. அமெரிக்க நிதிக் கணக்கீட்டு நியமங்கள் சபை இதே கருத்தை 2006 ஆம் ஆண்டிலேயே நியமமாக வகுத்திருந்தது. இலங்கைக் கம்பனிகளும் 2012 ஜனவரி 1 முதல் சர்வதேச நியமங்களை அடியொற்றிய கணக்கீட்டு முறையைக் கைக்கொண்டு வருகின்றன.

இவ்வரைவிலக்கணத்தின் சொற்கள் ஒவ்வொன்றும் காரணத்தோடு அமைந்தவை. தங்கச் சங்கிலி ஒன்றை நினைத்துப் பார்த்தால் அவை விளங்கும். சங்கிலி வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கிறோம். விற்கப்போனாலோ அவை திரும்பி வருவதில்லை. நியாயப் பெறுமதி என்பது வாங்கிய விலை அன்று. விற்றால் வரும் விலை. அடுத்தது, ஒழுங்கான விற்பனை என்பது. மகளின் கலியாணம் நாளைக்கு என்ற நிலையில் வந்த விலைக்கு விற்பது அவசர விற்பனை. அந்த விலை அளவுகோல் ஆகாது. மூன்றாவது, சந்தையிற் பங்குபற்றுவோர் என்பது. சங்கிலி பாட்டியாருடையது, எக்காலமும் விற்பதில்லை என்ற எண்ணம் அதன் சந்தை விலையைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. உடையவரின் எண்ணத்தை அளக்காமல், அறிவும் விருப்பமும் உள்ள பிறர் கொடுக்கும் விலையையே அளக்கவேண்டும். கடைசியாக, அளவிடும் நாள் என்பது. சென்ற மாத விலையும் அடுத்த மாதம் வரக்கூடிய விலையும் இங்கே செல்லா.

இனி, அந்த விலையை எங்கே கண்டுபிடிப்பது என்பதே கடினமான வினா. எல்லாப் பொருளுக்கும் நாள்தோறும் விலை கூறப்படுவதில்லை. ஆகையால் நியமம் மூன்று படிகளை வகுத்திருக்கிறது. தங்கப் பவுணுக்கு அன்றாட விலை எல்லாரும் அறிந்தது. காணிக்கு அப்படியொரு விலை இல்லை. அயற்காணி அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, வீதியோரமா உட்புறமா என்று கூட்டிக் குறைத்துச் சொல்லவேண்டும். ஒரு குடும்பம் நடத்தும் நெல் ஆலையில் நாலில் ஒரு பங்கு என்ன பெறும் என்றாலோ, அயலிலும் ஒப்புமை இல்லை. வருங்கால வருமானத்தை ஊகித்தே சொல்லவேண்டும். நிதிச் சொத்துகளின் மூன்று படிகளும் ஏறக்குறைய இத்தன்மையனவே.

முதற்படியில், சுறுசுறுப்பான சந்தையில் அதே பொருளுக்குக் கூறப்படும் விலை உள்ளது. பங்குச் சந்தையில் நாள்தோறும் கைமாறும் பங்கு இதற்கு எடுத்துக்காட்டு. இங்கே கணக்காளருக்கு வேலை குறைவு. பங்கின் எண்ணிக்கையை விலையாற் பெருக்கி எழுதவேண்டியதுதான். அத்தனை பங்கையும் ஒரே நாளில் விற்றால் விலை சரிந்துவிடும் என்ற காரணத்தைக் காட்டி அதைக் குறைத்தெழுதவும் நியமம் இடங்கொடுப்பதில்லை.

இரண்டாம் படியில், அதே பொருளுக்கு விலை இல்லை. ஆனால் விலையைக் கணிக்க உதவும் விவரங்கள் சந்தையிலே காணக்கிடைக்கின்றன. ஏழு ஆண்டுத் தவணையுள்ள ஒரு கம்பனி முறி அரிதாகவே கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு அரசாங்க முறிகளின் வருவாய் வீதம் சந்தையில் தெரிகிறது. அவற்றிலிருந்து ஏழு ஆண்டுக்குரிய வீதத்தைக் காணலாம். அதே தரத்துக் கம்பனிகள் அரசாங்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக வட்டி கொடுக்கின்றன என்பதையும் பார்த்துச் சேர்க்கலாம். பின்னர் அந்த வீதத்தாற் கழித்து இன்றைய பெறுமதியைக் காணலாம்.

மூன்றாம் படியில், முக்கியமான விவரங்கள் சந்தையிற் காணக்கிடையா. பங்குச் சந்தையில் இடம்பெறாத கம்பனியின் பங்கு இத்தகையது. வருங்கால வரவை நிருவாகமே ஊகிக்கவேண்டும். கழிவு வீதத்தையும் தானே தெரிவுசெய்யவேண்டும். இவ்வூகத்தில் சிறு மாறுதலும் பெரிய வேற்றுமையை உண்டாக்கும். ஆண்டுக்கு 1 கோடி ரூபா என்றென்றும் வரும் ஒரு வரவை 10 வீதத்திற் கழித்தால் 10 கோடி ரூபா. அதையே 12 வீதத்திற் கழித்தால் 8 கோடி 33 இலட்சம். இரண்டு வீதத்துக்கும் நியாயம் சொல்ல முடியும்; ஆனால் இடையிலே நிற்பது 1 கோடி 67 இலட்சம். ஆகவேதான் மூன்றாம் படிச் சொத்துகளுக்கு எத்தகைய ஊகங்கள் கொள்ளப்பட்டன, ஆண்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவை எவ்வாறு கூடிக் குறைந்தன, ஊகம் மாறினால் பெறுமதி எப்படி மாறும் என்பனவற்றைக் குறிப்புகளில் வெளியிடுமாறு நியமம் கட்டளையிடுகிறது. முக்கியமான விவரங்களுட் கீழானது எப்படியைச் சேர்ந்ததோ, சொத்து முழுவதும் அப்படியைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

ஊகத்துக்குக் கடிவாளம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு என்ரோன் என்னும் அமெரிக்கக் கம்பனியின் கதையே போதும். எரிவாயு ஒப்பந்தங்களைச் சந்தை விலைக்குக் கணக்கிடும் முறையை அது 1992 ஆம் ஆண்டில் உரிய அதிகாரிகளின் சம்மதத்தோடு தொடங்கிற்று. விலையே இல்லாத நீண்டகால ஒப்பந்தங்களுக்கும் பின்னர் அம்முறை பரவியது. 2000 ஆம் ஆண்டில், வீடுகளுக்குத் திரைப்படம் வழங்கும் 20 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை அது ஒரு படக்கடைக் கம்பனியுடன் செய்துகொண்டது. பரீட்சார்த்தமாக நடந்த சேவை உருப்படவில்லை. ஆயினும் அதிலிருந்து 11 கோடி டொலருக்கும் மேலான இலாபம் கணக்கிலே ஏறியது. 2001 டிசம்பர் 2 ஆம் நாள் என்ரோன் முறிந்தது. கையில் வராத இலாபத்தைக் கண்ணால் கண்டதுபோல எழுதியதே அங்கு நடந்த பெருந் தவறுகளுள் ஒன்று.

இனி, எல்லா நிதிச் சொத்துகளும் நியாயப் பெறுமதியிலேயே ஐந்தொகையில் இடம்பெறுகின்றனவா என்றால், இல்லை. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 9 ஆம் இலக்க நியமம், கம்பனி அச்சொத்தை எதற்காக வைத்திருக்கிறது என்று கேட்கிறது. முதலையும் வட்டியையும் தவணைப்படி வாங்குவதே நோக்கமாயின், கொடுத்த விலையை அடியாகக் கொண்டு வட்டியைச் சீராகச் சேர்த்துச் செல்லும் பழைய முறையிலேயே எழுதலாம். வாங்குவதும் சமயம் வந்தால் விற்பதும் நோக்கமாயின், நியாயப் பெறுமதியில் எழுதி, அதன் ஏற்ற இறக்கத்தை இலாபத்திற் சேர்க்காமல் மூலதனத்திற் காட்டவேண்டும். விற்று இலாபம் காண்பதே நோக்கமாயின், ஏற்ற இறக்கம் முழுவதும் அவ்வாண்டு இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். ஆகவே ஒரே முறி மூன்று கம்பனிகளில் மூன்று விதமாக எழுதப்படலாம்.

பொறுப்புகளுக்கும் இவ்வளவை உண்டு. ஆனால் அங்கே ஒரு விநோதம் நேரும். கம்பனியின் நாணயம் கெட்டுப்போனால் அது வெளியிட்ட முறியின் சந்தை விலை வீழும். வீழ்ந்த விலைக்கே பொறுப்பை எழுதினால், கடன் குறைந்ததாகவும் கம்பனிக்கு இலாபம் கிடைத்ததாகவும் கணக்குக் காட்டும்! 2008, 2009 ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் பெரிய வங்கிகள் சில இத்தகைய இலாபத்தைக் காட்டி நகைப்புக்கும் கண்டனத்துக்கும் ஆளாயின. இன்றைய 9 ஆம் இலக்க நியமம் இந்த ஆதாயத்தைப் பொதுவாக இலாப நட்டக் கணக்கிற் சேர்க்க விடுவதில்லை; தனியே காட்டச் சொல்கிறது. கேட்டவுடன் கொடுக்கவேண்டிய வைப்புகளைப் பற்றியும் ஒரு விதி உண்டு. அவற்றின் நியாயப் பெறுமதி, கேட்டால் கொடுக்கவேண்டிய தொகையிற் குறைவாக இருக்கலாகாது. வைப்பாளர் பல ஆண்டுகள் பணத்தை எடுக்கமாட்டார் என்று வங்கி நம்பலாம். அந்த நம்பிக்கையைக் காட்டித் தன் பொறுப்பைக் குறைத்தெழுத முடியாது.

இவ்விதியின் ஆழத்தை 2023 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கி உலகுக்கு உணர்த்தியது. புதிய தொழில்நுட்பக் கம்பனிகளின் பணம் வெள்ளம்போல வந்து சேர்ந்த காலத்தில், அவ்வங்கி அதைக் குறைந்த வட்டியுள்ள நீண்ட தவணை முறிகளில் முடக்கியது. அவற்றுட் பெரும்பாலானவை வீட்டுக் கடன்களை ஆதாரமாகக் கொண்ட, நாணயக் குறைவு சிறிதும் இல்லாத முறிகள். 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வங்கி, பூச்சியத்தை அண்டியிருந்த வட்டி வீதத்தை நாலு வீதத்துக்கும் மேலே உயர்த்தியது. முன்னே கண்ட 100 ரூபா முறிக்கு நேர்ந்ததே இம்முறிகளுக்கும் நேர்ந்தது.

முதிர்வு வரை வைத்திருப்பதற்கென்று ஒதுக்கிய முறிகளை அவ்வங்கி பழைய முறையில் ஏறக்குறைய 9,130 கோடி டொலர் என்று ஐந்தொகையில் எழுதியிருந்தது. 2022 டிசம்பர் 31 அன்று அவற்றின் நியாயப் பெறுமதி ஏறக்குறைய 7,620 கோடி டொலரே. வேற்றுமை சுமார் 1,500 கோடி. வங்கியின் மூலதனமோ சுமார் 1,600 கோடி. அதாவது அம்முறிகளை அன்று விற்க நேர்ந்தால் மூலதனத்தில் மிகப் பெரும் பகுதி அழிந்துவிடும். இதில் ஒளிவு மறைவு இல்லை. நியாயப் பெறுமதி ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருந்தது. ஆனால் அது மூலதனக் கணக்கைத் தொடவில்லை. கணக்கிற் சேராமல் பக்கத்தே நின்ற இலக்கமாக இருந்தது.

மார்ச் 8 ஆம் நாள், விற்பதற்கென்று வைத்திருந்த வேறு முறிகளில் சுமார் 2,100 கோடி டொலருக்கு உரியவற்றை விற்றதாகவும், அதனால் வரி கழித்த பின் 180 கோடி டொலர் நட்டம் என்றும் வங்கி அறிவித்தது. மற்றைய முறிகளின் நிலை என்ன என்று அப்போதுதான் பலர் விசாரித்தனர். வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்புறுதி எல்லைக்கு அப்பாற்பட்டவை. மார்ச் 9 ஆம் நாள் ஒன்றில் மாத்திரம் 4,200 கோடி டொலரை வைப்பாளர்கள் மீட்டனர். மார்ச் 10 ஆம் நாள் வங்கி மூடப்பட்டது. வைப்பாளர் அனைவருக்கும் முழுப் பணமும் கிடைக்கும் என்று அரசாங்கம் பின்னர் உறுதியளித்தது. பங்குதாரரைக் காப்பாற்றுவோர் இல்லை.

முதிர்வு வரை வைத்திருக்கலாம் என்ற எண்ணம் உண்மையானதே. அந்த எண்ணத்தை நிறைவேற்றும் வல்லமை வைப்பாளர் கையிலே இருந்தது என்பதை வங்கி மறந்தது. சொத்தை எண்ணத்தின்படி எழுதி, பொறுப்பை எவரும் கேட்கமாட்டார் என்று நம்பியிருப்பது, தராசின் ஒரு தட்டை மாத்திரம் நிறுப்பது போலாகும்.

இவ்வாறிருக்க, நியாயப் பெறுமதியை எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினால் என்ன என்று சிலர் கேட்பர். அதற்கும் எதிர்வாதம் உண்டு. 2008 ஆம் ஆண்டில் சந்தைகள் உறைந்து, வாங்குவோர் இன்றி விலைகள் சரிந்தபோது, அந்த விலைகளைக் கணக்கில் எழுதியதே நெருக்கடியைக் கூட்டியது என்று வங்கிகள் முறையிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 13 ஆம் நாள் சர்வதேசச் சபை சில சொத்துகளை நியாயப் பெறுமதியிலிருந்து வேறு வகைக்கு மாற்ற இடங்கொடுத்தது. அமெரிக்காவின் பங்கு வர்த்தக ஆணைக்குழு இவ்வினாவை ஆராய்ந்து, அம்முறையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை, செப்பனிட்டாற் போதும் என்று அவ்வாண்டு முடிவில் அறிக்கை சமர்ப்பித்தது. வெப்பமானி காய்ச்சலை உண்டாக்குவதில்லை. ஆனால் பழுதான வெப்பமானியை நம்பி மருந்து கொடுப்பதும் ஆபத்தே. இரு பக்கத்து நியாயத்தையும் இவ்வாறு தொகுத்துக் கூறலாம்.

இலங்கையிலும் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அண்மையில் உண்டு. 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகள் பலவற்றைக் கொடுத்து, நீண்ட தவணையுள்ள புதிய முறிகளைப் பெற்றது. புதியவற்றின் வட்டி 2026 வரை 12 வீதம், அதன் பின் 9 வீதம் என்று வகுக்கப்பட்டது. முகப்பெறுமதியில் ஒரு சதமும் குறைக்கப்படவில்லை என்று சொல்லப்பட்டது. அது உண்மை. தொழிலாளரின் சேமிப்பு பெறுமதி இழந்துவிட்டது என்று வாதித்தவர்களும் இருந்தனர். அவர்கள் பேசியது வேறோர் அளவைப் பற்றி. வட்டியும் தவணையும் மாறும்போது முகப்பெறுமதி அசையாமல் நிற்க, இன்றைய பெறுமதி மாறும். எவ்வளவு மாறும் என்பது எந்தக் கழிவு வீதத்தைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை அறிந்தவர், யார் பேச்சைக் கேட்டாலும், எந்தப் பெறுமதி, எந்த வீதம் என்று முதலிற் கேட்பார்.

ஆகவே, ஆண்டறிக்கை ஒன்று கையில் வரும்போது நேயர்கள் நாலு விஷயங்களைத் தேடிப் பார்த்தல் நன்று. முதலாவது, நிதிச் சொத்துகளில் எவை நியாயப் பெறுமதியிலும் எவை பழைய முறையிலும் எழுதப்பட்டுள்ளன என்பது. இரண்டாவது, பழைய முறையில் எழுதப்பட்டவற்றின் நியாயப் பெறுமதி குறிப்புகளில் எவ்வளவு என்று காட்டப்பட்டுள்ளது என்பதும், அந்த வேற்றுமை மூலதனத்தோடு ஒப்பிட எத்துணை என்பதும். மூன்றாவது, முதற்படியில் எவ்வளவு, மூன்றாம் படியில் எவ்வளவு என்பது. நாலாவது, கேட்டவுடன் கொடுக்கவேண்டிய பொறுப்புகள் எவ்வளவு என்பது. இவற்றைப் பார்ப்பதற்குக் கணக்கியற் பட்டம் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் பொறுமையும் போதும்.

நியாயப் பெறுமதி என்பதில் நியாயம் என்ற சொல் இருப்பதால் அது தவறே நேராத அளவு என்று கருதவேண்டியதில்லை. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்ற நேரிய வினாவுக்கு இயன்றவரை நேரிய விடை கூற முயலும் முறை அது. விடையில் எவ்வளவு கண்டது, எவ்வளவு ஊகித்தது என்பதைப் பிரித்துச் சொல்வது கணக்கு எழுதுபவரின் கடமை. அதைப் படித்துப் பார்ப்பது பணத்துக்கு உரியவரின் கடமை.